படகு இழுக்கவும் சாமான் ஏற்றவும் எந்த வண்டி? வாங்கும் முன் செய்ய வேண்டிய கணக்கு, வரிசைப்படி

படகுக்கு வண்டி தேடுபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும் இழுவைத் திறனைப் பார்க்கிறார்கள், 'நம்ம படகு அதில் பாதி எடைகூட இல்லையே' என்று முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். முதலில் தீர்ந்துபோவது இழுவைத் திறன் இல்லை. வண்டி தன் முதுகில் சுமக்கக்கூடிய எடைதான் முதலில் தீர்கிறது. அதனால் இந்த வழிகாட்டியில் வண்டி கடைசியில்தான் வரும்: முதலில் சுமை, அடுத்து அது வண்டியில் விழும் இடம், அதற்குப் பிறகே மாடல்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை: படகின் விவரத்தாள், ட்ரெய்லர் தகட்டின் படம், அளவு டேப், ஆள் எடை பார்க்கும் சாதாரண எடை இயந்திரம், பார்க்கப்போகும் ஒவ்வொரு வண்டியின் உரிமையாளர் கையேடு. கையேடுகளைப் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் இணையத்திலேயே வைத்திருக்கிறார்கள். உங்கள் ஓட்டுநர் உரிமம் ட்ரெய்லரோடு சேர்த்து எவ்வளவு மொத்த எடை வரை அனுமதிக்கிறது என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். எல்லாம் முடிவான பிறகு தெரியவந்தால் கணக்கு முழுவதும் வீண்.

1. சுமையை உண்மையான எடையில் எழுதுங்கள்

படகு விற்பவர் சொல்லும் எடை பெரும்பாலும் வெறும் உடலின் எடை. எஞ்சின், எரிபொருள், பேட்டரி, நங்கூரம், ட்ரெய்லர் எதுவும் அதில் சேராது.

5 மீட்டர் அலுமினியப் படகு ஒன்றை எடுத்துக்கொள்வோம். உடல் 450 கிலோ. 60 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின் (படகின் பின்முனையில் வெளியே மாட்டுவது) சுமார் 115. பெட்ரோல் லிட்டருக்கு ஏறக்குறைய 0.75 கிலோ, ஆக 90 லிட்டர் டாங்க் நிறைந்தால் 68. பேட்டரி 25. நங்கூரம், கயிறு, லைஃப் ஜாக்கெட், மீன்பிடிச் சாமான் எல்லாம் சேர்த்து 80. ட்ரெய்லர் 300. மொத்தம் 1,038 கிலோ. விவரத்தாளில் இருந்தது 450.

தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. மீன் தொட்டியையோ குடிநீர் டாங்கையோ நிரப்பியபடி இழுப்பவர்கள் அதையும் சேர்க்க வேண்டும். படகின் அடியில் தேங்கிய மழைநீரை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, அதுவே சில நேரம் 100 கிலோவைத் தாண்டும். கிளம்பும் முன் வடிகால் அடைப்பைத் திறந்து பார்ப்பது அதற்காகத்தான். தண்ணீரில் இறக்கும் முன் திரும்ப மூட மறக்க வேண்டாம்.

படகு ஏற்கெனவே கையில் இருந்தால் காகிதக் கணக்கு தேவையில்லை. பயணத்துக்குப் போவது போலவே எல்லாவற்றையும் ஏற்றி, இரவல் வண்டியிலாவது எடைமேடைக்குக் கொண்டுபோய் ட்ரெய்லரைத் தனியாக நிறுத்தி எடை போடுங்கள்.

2. எது எங்கே ஏறும் என்று பிரியுங்கள்

இழுக்கும் எடை, கூரை எடை, உள்ளே ஏறும் எடை என்று தாளில் மூன்று பத்திகள் போடுங்கள். மூன்றுக்கும் தனித்தனி வரம்பு உண்டு. ஒன்றில் மிச்சம் இருக்கிறதே என்று இன்னொன்றில் கூட்ட முடியாது.

கூரையில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். பல கார்களின் கூரை வரம்பு 75 கிலோ, எஸ்யூவிகள் பலவற்றில் 100. அந்த எண்ணில் ரேக்கின் எடையும் அடக்கம். குறுக்குக் கம்பிகள் 10 கிலோ, கயாக் (துடுப்பு போடும் குறுகிய சிறு படகு) தாங்கிகள் இரண்டு ஜோடி 10 கிலோ, தலா 28 கிலோவில் இரண்டு கயாக். ஆயிற்று 76. மிதி பெடல் உள்ள மீன்பிடி கயாக் ஒன்றே 40 முதல் 60 கிலோ வரை இருக்கும், அதை இரண்டாகக் கூரையில் நினைத்தே பார்க்க வேண்டாம்.

நின்றிருக்கும் வண்டியின் கூரை தாங்கும் எடை வேறு, ஓடும் வண்டியின் கூரை தாங்கும் எடை வேறு. கூரைக் கூடாரம் விற்பவர் சொல்வது முதலாவது. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. மண்பாதைக்கு அதிலும் குறைந்த எண்ணைத் தரும் ரேக் தயாரிப்பாளர்களும் உண்டு.

கம்பிகளுக்கு இடையே உள்ள தூரத்தையும் அளந்து பாருங்கள். அது 70 செ.மீ.க்குக் குறைந்தால் 4 மீட்டர் கயாக் பக்கக் காற்றில் திருகும். சிறிய இரட்டைக் கதவு கார்களிலும் குட்டைக் கூரை பிக்கப்களிலும் இந்தத் தொல்லை அதிகம். எந்த வண்டியானாலும் நீளமான கயாக்குக்கு முன்முனையிலும் பின்முனையிலும் தனிக் கயிறு வேண்டும், ஆகவே பானெட்டின் அடியில் கயிறு கட்ட இடம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

3. கொக்கி எடையைக் கண்டுபிடியுங்கள்

ட்ரெய்லரின் முன்முனை வண்டியின் கொக்கிமேல் கீழ்நோக்கி அழுத்தும் எடைதான் கொக்கி எடை. படகு ட்ரெய்லருக்கு அது மொத்த எடையில் 5 முதல் 10 சதவீதம், பிற ட்ரெய்லர்களுக்கு 10 முதல் 15 என்பது பரவலான அளவு. ஆனால் நாட்டுக்கு நாடு, வண்டிக்கு வண்டி மாறும். வண்டிக் கையேடு வேறு எண்ணைச் சொன்னால் கையேட்டைத்தான் கேட்க வேண்டும். நமது 1,038 கிலோவுக்கு 10 சதவீதம் என்றால் சுமார் 104.

அளப்பது சுலபம். சமதளத்தில் ட்ரெய்லர் சக்கரங்களுக்கு ஆப்பு வையுங்கள். எடை இயந்திரத்தின்மேல் பலகை, பலகைமேல் ஒரு கட்டை. ட்ரெய்லர் முனை வண்டியில் மாட்டினால் இருக்கும் அதே உயரத்தில் கட்டையின்மேல் உட்கார வேண்டும். உயரம் மாறினால் எடை தவறாக வரும்.

மிகக் குறைந்தால் ட்ரெய்லர் வாலாட்டத் தொடங்கும். வேகம் கூடக் கூட அந்த ஆட்டம் வளர்ந்து வண்டியையே திருப்பிவிடும். மிகக் கூடினால் வண்டியின் பின்பக்கம் அமுங்கி, முன்சக்கரங்கள் இலேசாகி, ஸ்டீயரிங்கும் முன்பிரேக்கும் பிடியை இழக்கும். சரிசெய்ய, வின்ச் தூணை (படகை இழுத்துக் கட்டும் உருளை நிற்கும் முன்தூண்) முன்னோ பின்னோ நகர்த்திப் படகின் இருப்பை மாற்றலாம். வண்டி வாங்கும் முன்பே இதை முடித்துவிடுங்கள், அடுத்த கணக்கு முழுவதும் இந்த எண்ணை நம்பித்தான் நிற்கிறது.

4. சுமைத் திறனை முதலில் சரிபாருங்கள்

சுமைத் திறன் என்பது அனுமதிக்கப்பட்ட மொத்த வாகன எடையிலிருந்து காலி வண்டியின் எடையைக் கழித்தது. ஆட்கள், சாமான், ரேக், பிற்பாடு பொருத்திய கொக்கிச் சட்டம், அத்தனைக்கும் மேலே கொக்கி எடை, எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். ட்ரெய்லரின் மீதி எடையைத் தரை தாங்கிக்கொள்ளும், கொக்கி எடையை வண்டிதான் தாங்குகிறது. இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

ஓர் எஸ்யூவி. அனுமதி மொத்த எடை 2,500 கிலோ, காலி எடை 1,980. மிச்சம் 520. நான்கு பேர் தலா 75 கிலோ என்றால் 300. கொக்கி எடை 104. கூடாரம், ஐஸ் பெட்டி, அடுப்பு, துணிமணி 90. கூரை ரேக்கும் ஒரு கயாக்கும் 45. பிற்பாடு மாட்டிய கொக்கிச் சட்டம் 25. மொத்தம் 564.

வரம்பை 44 கிலோ தாண்டியாயிற்று. இந்த வண்டியின் இழுவைத் திறன் 2,500 கிலோ என்று வைத்துக்கொண்டால், அதில் பாதியைக்கூட நாம் தொடவில்லை.

இரண்டு எச்சரிக்கைகள். சில நாடுகளில் காலி எடையிலேயே ஓட்டுநருக்கு 75 கிலோ சேர்த்துவிடுவார்கள், வேறு நாடுகளில் சேர்ப்பதில்லை. கையேட்டின் அடிக்குறிப்பைப் படித்தால்தான் தெரியும். அடுத்து, ஒரே மாடலின் உயர்தர வகையில் கண்ணாடிக் கூரை, பெரிய சக்கரம், மின் இருக்கை என்று சேரச் சேரக் காலி எடை ஏறும், சுமைத் திறன் அதே அளவு இறங்கும். விலை கூடிய வகைதான் அதிகம் சுமக்கும் என்ற எண்ணம் தவறு. கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தகட்டு எண்ணே அந்த வண்டிக்குரியது.

பின் அச்சின் வரம்பையும் தனியாகப் பாருங்கள். பின் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் கொக்கி, வீல்பேஸ் (முன், பின் அச்சுகளுக்கு இடையே உள்ள தூரம்) 2.8 மீட்டர் என்றால், 100 கிலோ கொக்கி எடை நெம்புகோல் போல வேலை செய்து முன் அச்சிலிருந்து சுமார் 43 கிலோவைத் தூக்கிவிடும். பின் அச்சில் ஏறுவது 143. வீல்பேஸ் நீளமாகவும், பின் அச்சுக்கும் கொக்கிக்கும் இடைவெளி குறைவாகவும் உள்ள வண்டி இழுக்கும்போது அமைதியாக இருப்பதன் காரணம் இதுதான்.

காற்று ஸ்பிரிங் மாட்டினால் பின்பக்கம் நிமிரும். ஆனால் அனுமதி எடை ஒரு கிலோகூட உயராது. விற்பவர் வேறு மாதிரிச் சொன்னால் நம்ப வேண்டாம்.

5. இப்போது இழுவைத் திறனுக்கு வாருங்கள்

இரண்டு எண்கள் இருக்கும்: பிரேக் உள்ள ட்ரெய்லருக்கு ஒன்று, பிரேக் இல்லாததற்கு ஒன்று. விளம்பரத்தில் வருவது முதலாவது மட்டும். இரண்டாவது பல வண்டிகளில் 750 கிலோதான், சிறிய கார்களில் அதைவிடக் குறைவு. படகு ட்ரெய்லரில் பிரேக் இல்லை என்றால் உங்கள் எண் அதுவே.

மூன்றாவதாக, வண்டியும் ட்ரெய்லரும் சேர்ந்த கூட்டு எடை வரம்பு ஒன்று உண்டு. வண்டி மொத்த எடை 3,000, இழுவை 3,500, கூட்டு வரம்பு 5,500 என்று ஒரு பிக்கப் இருந்தால், முதல் இரண்டையும் ஒன்றாகப் பயன்படுத்தவே முடியாது. வண்டியை நிறைத்துவிட்டால் இழுக்க மிஞ்சுவது 2,500தான்.

ஒரே மாடலிலேயே எஞ்சின், கியர்பாக்ஸ், அச்சின் கியர் விகிதம், இழுவைக்கான கூடுதல் பாகத் தொகுப்பு (டோ பேக்கேஜ்) உண்டா இல்லையா என்பதைப் பொறுத்து எண் மாறும். வேறு நாட்டுச் சந்தையின் எண்ணை எடுத்துக்கொண்டு வராதீர்கள், அங்கே கொக்கி எடைக் கணக்கும் வேக வரம்பும் வேறு. எல்லா வரம்பிலும் 20 சதவீதமாவது மிச்சம் வைப்பது நல்லது. மலையேற்றமும் எதிர்க்காற்றும் விவரத்தாளில் இருப்பதில்லை.

6. ரேம்ப்பை நேரில் பாருங்கள்

சமதளச் சாலையில் பல வண்டிகள் ஒரு டன் படகை இழுத்துவிடும். சோதனை ரேம்ப்பில்தான், அதாவது படகை நீரில் இறக்கி ஏற்றும் சரிவுத் தளத்தில். படகு ரேம்ப்கள் பொதுவாக 12 முதல் 15 சதவீதச் சரிவு. 14 சதவீதத்தில், 2,100 கிலோ வண்டியும் 1,038 கிலோ ட்ரெய்லரும் மேலேறச் சுமார் 435 கிலோ விசை வேண்டும். அதைப் பாசி படிந்த ஈர சிமென்ட்டில் டயர்கள் பிடிக்க வேண்டும்.

முன்சக்கர இயக்க வண்டிக்கு இங்கே இரட்டை அடி. சரிவு எடையைப் பின்னால் தள்ளுகிறது, கொக்கியும் முன்பக்கத்தைத் தூக்குகிறது, இயங்கும் சக்கரமோ முன்னால். பின்சக்கர இயக்கத்தில் எடை சக்கரத்தின்மேல் விழும், ஆனால் பாசியில் நிற்பதும் அதே சக்கரம்தான். நான்கு சக்கர இயக்கத்தில் முன்சக்கரங்கள் பெரும்பாலும் காய்ந்த பகுதியில் இருப்பதால் பிடி கிடைத்துவிடுகிறது.

அதனால் கேட்க வேண்டியது 'ஃபோர் வீல் டிரைவ் வேண்டுமா' என்பது இல்லை, 'என் ரேம்ப் எப்படி' என்பதே. நல்ல சிமென்ட் ரேம்ப், 600 கிலோவுக்குள் படகு என்றால் முன்சக்கர இயக்கமே போதும். மணல், மண், நீர்மட்டம் இறங்கிய நேரம், ஒரு டன்னுக்கு மேல் என்றால் லோ ரேஞ்ச் (வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் கூடுதல் கியர் நிலை) உள்ள வண்டி தேடுங்கள். மெதுவாக, கிளட்ச்சை எரிக்காமல் ஏற அதுவே உதவும். சென்டர் டிஃபரென்ஷியல் (முன்பின் அச்சுகள் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் கியர் அமைப்பு) இல்லாத பழைய பாணி ஃபோர் வீலைக் காய்ந்த தார்ச்சாலையில் போட்டு ஓட்டக்கூடாது. திருப்பங்களில் முன்பின் அச்சுகள் வெவ்வேறு வேகத்தில் சுழல முயன்று கியர்பெட்டி இறுகிக்கொள்ளும்.

நீர்மட்டம் மிகவும் இறங்கியிருக்கும் நேரத்தில் ஒருமுறை போய், சிமென்ட் எங்கே முடிகிறது என்று பாருங்கள். ட்ரெய்லர் சக்கரம் அந்த விளிம்பைத் தாண்டி இறங்கிவிட்டால் எந்த வண்டியும் சுலபமாக மீட்காது.

7. எஞ்சினும் கியர்பாக்ஸும்

குதிரைத்திறனைவிடக் குறைந்த சுழற்சியில் கிடைக்கும் டார்க் (எஞ்சினின் முறுக்கு விசை) முக்கியம். டர்போ டீசல் இழுவைக்குப் பிடித்தமானது அதனால்தான். டர்போ இல்லாத எஞ்சின் 1,000 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 10 சதவீத சக்தியை இழக்கும். மலை ஏரிக்குப் போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ரேம்ப்பில் வசதி, கிளட்ச் எரியாது. அதற்கு எதிரி சூடு. கியர் ஆயிலுக்குத் தனிக் கூலர் உள்ளதா என்று கேளுங்கள். சிவிடி (நிலையான கியர்கள் இல்லாமல் விகிதம் தொடர்ந்து மாறும் ஆட்டோமேட்டிக்) வகைகளில் இழுவை வரம்பு பெரும்பாலும் குறைவு, சிலவற்றில் இழுவைக்கு அனுமதியே இல்லை.

மின் வண்டிகள் ரேம்ப்பில் அருமையாக ஏறும். ஆனால் படகோடு நெடுஞ்சாலையில் ஓட்டும் தூரம் ஏறக்குறைய பாதியாகக் குறையும் என்று திட்டமிடுங்கள். சார்ஜ் நிலையங்கள் பலவற்றில் ட்ரெய்லரைக் கழற்றாமல் நிறுத்த இடமும் இருக்காது. ஏரி பக்கத்திலேயே என்றால் தொல்லை இல்லை.

8. உடல் அமைப்பு: ஈரமும் நீளமும்

பிக்கப்பில் மீன் வாடையும் சேறும் ஆட்களிடமிருந்து விலகியே இருக்கும், பெட்ரோல் கேனை வெளியில் வைக்கலாம். மூடிய வண்டிக்குள் கேன் வைக்கவே கூடாது, ஆவி சேரும். ஆனால் இரட்டை கேபின் பிக்கப்பின் தட்டு நீளம் பெரும்பாலும் 1.5 மீட்டர்தான். 3.5 மீட்டர் கயாக்கை அதில் வைத்தால் பாதிக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ட்ரெய்லரும் மாட்டியிருந்தால் திருப்பத்தில் அது படகின் மூக்கில் இடிக்கும்.

வேனில் எல்லாம் உள்ளே போகும், பூட்டலாம், உடை மாற்றலாம். ஈரச் சாமானுக்கு ரப்பர் விரிப்பும் காற்றோட்டமும் இல்லையென்றால் இரண்டு வாரத்தில் பூஞ்சை.

தாழ்ந்த ஸ்டேஷன் வேகனை யாரும் மதிப்பதில்லை, எனக்கு அது வியப்பு. கூரை சுமார் 1.5 மீட்டர் உயரம். தனியாளாக 25 கிலோ கயாக்கை ஏற்ற அதைவிட நல்ல வண்டி கிடையாது. 1.8 மீட்டர் எஸ்யூவி கூரையில் அதையே தினமும் ஏற்றிப் பாருங்கள், தோள் சொல்லிவிடும்.

காட்சியறையில் உட்கார்ந்து பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். உங்கள் ஐஸ் பெட்டியையும் மிக நீளமான துடுப்பையும் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். தரையில் கட்டுவளையம் எத்தனை, அவை உலோகமா பிளாஸ்டிக்கா என்று இழுத்துப் பாருங்கள். ரேக், கயாக்கோடு மொத்த உயரத்தை அளந்து, நிறுத்துமிடத்தின் உயரத்தோடு ஒப்பிடுங்கள். மூடிய நிறுத்துமிடங்கள் பல 2 முதல் 2.1 மீட்டரோடு முடிந்துவிடும்.

9. கொக்கி, வயரிங், பிரேக்

சங்கிலியில் மிக மெலிந்த கண்ணிதான் உங்கள் வரம்பு: கொக்கிச் சட்டம், பந்து, பந்தைக் கவ்வும் கப்ளர் மூன்றிலும் எடை பொறித்திருக்கும், மூன்றில் குறைந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். பந்து அளவு 50 மி.மீ.யும் 2 அங்குலமும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத் தெரியும். 2 அங்குலம் 50.8 மி.மீ. என்பதால் 50 மி.மீ. கப்ளர் அதன்மேல் சரியாகக் கவ்வாது. கவ்வியதுபோல் தோன்றி, குழியில் விழும்போது கழன்றுவிடும்.

படகு ட்ரெய்லர்களில் தண்ணீரில் மூழ்கும் காரணத்தால் பெரும்பாலும் தள்ளுவிசை பிரேக்தான் இருக்கும்: வண்டி வேகம் குறையும்போது ட்ரெய்லர் முன்னால் தள்ள, அந்தத் தள்ளலே பிரேக்கை அழுத்தும். பின்னோக்கி மேட்டில் தள்ளும்போதும் அதே பிரேக் பிடிக்கும். பின்கியர் போட்டதும் அதை விடுவிக்கும் வயர் சில ட்ரெய்லர்களில் உண்டு, அதற்கு ஐந்து முனை பிளக் வேண்டும். வண்டியில் நான்கு முனை பிளக் இருந்தால் விளக்குகள் எரியும், பிரேக் விடுபடாது. காரணம் தெரியாமல் பலர் ட்ரெய்லரைக் குறை சொல்கிறார்கள்.

டயரின் சுமைக் குறியீட்டையும் பாருங்கள். 100 என்றால் டயருக்கு 800 கிலோ, 110 என்றால் 1,060, 113 என்றால் 1,150. முந்தைய உரிமையாளர் அழகுக்காக டயர் மாற்றியிருந்தால் குறியீடு குறைந்திருக்கலாம்.

10. பழைய வண்டியானால்

பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். உப்புநீரில் இறங்கிய வண்டியில் பின் அச்சு, பிரேக் குழாய், பட்டை ஸ்பிரிங், உதிரி டயர் தாங்கி ஆகியவை முன்பக்கத்தைவிட அதிகம் துருவேறியிருக்கும். புதிதாகக் கறுப்பு பெயின்ட் அடித்திருந்தால் சுரண்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் அடுத்த வண்டியைப் பார்க்கலாம்.

ஆட்டோமேட்டிக் கியர் ஆயில் கருத்துத் தீய்ந்த வாடை அடித்தால் அது சூட்டில் உழைத்திருக்கிறது. மேனுவலானால், கை பிரேக் போட்டு உயர்ந்த கியரில் கிளட்ச்சை மெல்ல விடுங்கள், எஞ்சின் உடனே அணைய வேண்டும். அணையாமல் சுழன்றால் கிளட்ச் வழுக்குகிறது. கொக்கிச் சட்டத்தின் போல்ட் துளைகள் நீள்வட்டமாகியிருக்கிறதா, வெல்டிங்கில் கீறல் இருக்கிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள்.

11. ஒப்புக்கொள்ளும் முன் ஓர் ஓட்டம்

படகை மாட்டி ஓட்டிப் பார்க்க விற்பவரிடம் கேளுங்கள். மாட்டும் முன் நான்கு சக்கர வளைவுகளின் உயரத்தையும் அளந்து குறியுங்கள், மாட்டிய பின் மறுபடி அளக்கவும். பின்பக்கம் சற்று இறங்கலாம். முன்பக்கம் கண்ணுக்குத் தெரியும்படி உயர்ந்தால் கொக்கி எடையையோ வண்டியையோ மாற்ற வேண்டும்.

பிறகு எடைமேடை. முன் அச்சு, பின் அச்சு, ட்ரெய்லர் என மூன்று தடவை, ஆட்களோடு சேர்த்தே. தகட்டு எண்களோடு ஒப்பிடுங்கள்.

கடைசியாக ரேம்ப். தண்ணீருக்குள் விடும் முன் விளக்கு பிளக்கைக் கழற்றுங்கள், சூடான பல்பு குளிர்ந்த நீரில் வெடிக்கும். ட்ரெய்லர் சக்கரங்களின் பேரிங் ஆறும்வரை 15, 20 நிமிடம் காத்திருங்கள். சூடான ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) திடீரென்று குளிர்ந்தால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். படகை ஏற்றிக்கொண்டு பாதிச் சரிவில் நிறுத்தி, கை பிரேக் மட்டும் தாங்குகிறதா என்று பாருங்கள். ஒருவர் பிரேக் மிதியை அழுத்தாமல், அதன்மேல் காலைத் தயாராக வைத்தபடியே இருக்கட்டும், ட்ரெய்லருக்குப் பின்னால் யாரும் நிற்கக்கூடாது. மறுபடி கிளம்பும்போது டயர் சுழலாமல், தீய்ந்த வாடை வராமல் மேலே வந்துவிட்டால் வண்டியை வாங்கலாம்.